ஈரத்தின் வெப்பக் கணக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் வரிசையாகக் கிடக்கின்றன அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகள். தெற்கே வாட்டர்சேயில் தொடங்கி, வடக்கே லூயிஸ் தீவின் கடைசி முனையிலுள்ள கலங்கரை விளக்கம்வரை, 297 கிலோமீட்டர் நீளத்துக்கு அங்கே ஒரு சைக்கிள் தடம் உண்டு. ஹெப்ரிடியன் வே என்று பெயர். பத்துத் தீவுகளைத் தொட்டுச் செல்லும் இந்தத் தடத்தில் கடலுக்குக் குறுக்கே கல் கொட்டிப் போட்ட சாலைகள் ஆறு, படகேறிக் கடக்க வேண்டிய இடங்கள் இரண்டு. கூடாரத்தையும் அடுப்பையும் கேரியரில் கட்டிக்கொண்டு கணவனும் மனைவியுமாகக் கிளம்புகிறவர்களுக்கு இது ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். மழையில்லாத வாரம் அமைவது அங்கே அபூர்வம். இத்தனைக்கும் மழையின் அளவைப் பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். லூயிஸின் முக்கிய ஊரான ஸ்டோர்னோவேயில் ஆண்டு மழை சுமார் 1,200 மில்லிமீட்டர். சென்னையில் அதைவிடக் கூடுதலாக, சுமார் 1,400. சென்னைக்கு அந்த மழை அறுபது நாளுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஸ்டோர்னோவேக்கோ ஏறக்குறைய 200 நாளுக்குத் தூறலும் சாரலுமாகப் பரவி வருகிறது. ஜூலையில்கூடப் பகல் வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும், இரவில் 11 வரை இறங்கும். நம் பக்கத்தில் இதற்கு நிகர் சொல்ல வேண்டுமானால் உதகையின் ஆடி மாதத்தைச் சொல்லலாம்.

இப்படிப்பட்ட பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் பணத்தையும் கவலையையும் பெரும்பாலும் ஒரே இடத்தில் செலவிடுகிறார்கள்: ஒரு சொட்டும் உள்ளே வராத மழைக்கோட்டு. மழையில் உடலுக்கு நேர்வதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் கேள்வி வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. நீர் ஆவியாகும்போது சுற்றிலும் இருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,430 ஜூல் வேண்டும். ஒரு லிட்டருக்கு அது ஏறத்தாழ 580 கிலோகலோரி, பத்துப் பன்னிரண்டு இட்லியில் இருக்கும் ஆற்றல். முழுக்க நனைந்த சட்டை, கால்சட்டை, காலுறைகளில் ஒரு லிட்டர் நீர் தங்குவது எளிது. அதை உடல் சூட்டிலேயே உலர்த்துவது என்று முடிவு செய்தால் செலவு உடலின் கணக்கில் ஏறும். சுமையேற்றிய சைக்கிளை மிதமாக மிதிப்பவரின் கால்கள் 100 வாட் வேலை செய்தால், உடல் அதோடு 350 வாட் அளவுக்கு வெப்பத்தையும் வெளியிடுகிறது, ஏனென்றால் நம் தசைகள் உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வேலையாக மாற்றுகின்றன. அதே மனிதர் கூடாரத்தில் படுத்துவிட்டால் 80 வாட்தான் தேறும். மிதிக்கும்போது அந்த ஒரு லிட்டரின் செலவை இரண்டு மணி நேர வெப்பத்தில் ஈடுகட்டிவிடலாம். படுக்கையில் அதற்கு எட்டு மணி நேர வெப்பமும் போய்விடும், உடலைச் சூடாக வைத்திருக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே மழைப் பயணத்தில் நனைவதைத் தடுப்பதைவிட முக்கியமானது, அந்த ஈரத்துக்கான வெப்பத்தை எந்த நேரத்தில், யாருடைய கையிருப்பிலிருந்து கொடுக்கிறோம் என்பது. கோட்டு, கூடாரம், நிறுத்தம், சாப்பாடு என்று மற்ற எல்லா முடிவுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கோட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஒரு மில்லிமீட்டர் பெய்வது சாதாரணத் தூறல். மேலிருந்து பார்த்தால் சைக்கிளில் குனிந்து அமர்ந்திருப்பவர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் பரப்பை மறைக்கிறார். ஆக, அவர்மேல் விழும் நீர் மணிக்கு அரை லிட்டர். மேட்டில் மிதிக்கிற ஒருவர், காற்றுப் புகாத கோட்டுக்குள் அடைபட்டிருந்தால், அவர் உடலிலிருந்து வெளியேறும் வியர்வையும் மணிக்கு அரை லிட்டரை எட்டிவிடும். வெளியே எவ்வளவு மழையோ உள்ளேயும் அவ்வளவு மழை. இந்தத் தொல்லை மழைக்கோட்டோடு கூடவே பிறந்தது. கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மேக்கின்டாஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி 1823-ல் காப்புரிமை பெற்றார். மழையை நன்றாகவே தடுத்த அந்தத் துணி வியர்வையையும் அதே உறுதியோடு உள்ளே நிறுத்திவைத்தது. 1969-ல் அமெரிக்காவில் ராபர்ட் கோர், டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து விரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட படலமாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். துளிநீர் புகாது, நீராவி போகும். கோர்-டெக்ஸ் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதே என்று கேட்பது நியாயம்தான்.

ஆய்வுக்கூடத்தில் தீர்ந்தது உண்மை. தூறும் சாலையில் முழுதாகத் தீரவில்லை. நீராவி ஒரு துணியைக் கடந்து போக வேண்டுமானால் அது துணியை அடையும்வரை ஆவியாகவே இருக்க வேண்டும். கோட்டுக்குள் 30 டிகிரியில் இருக்கும் காற்று கன மீட்டருக்கு 30 கிராம் நீராவியைத் தாங்கும். மழையும் காற்றும் அடித்துக் குளிர்ந்த கோட்டின் உட்புறம் 12 டிகிரியில் இருந்தால், அதைத் தொடும் காற்று 11 கிராமுக்கும் குறைவாகவே தாங்கும். மிச்சம் மூன்றில் இரண்டு பங்கும் வழியிலேயே நீராகிக் கோட்டின் உள்பக்கத்தில் முத்து முத்தாகப் பூத்துவிடுகிறது. இன்னொன்று, வெளித்துணியின்மேல் பூசிய நீர்விலக்கி சில நாளில் தேய்ந்துபோகும். அழுக்கும் எண்ணெயும் படிந்தால் இன்னும் சீக்கிரம். அதன்பிறகு மழைநீர் உருண்டோடாமல் துணியில் ஊறிப் பரவி, துளைகளுக்கு வெளியே ஒரு நீர்த்திரையாக நின்றுவிடும். படலம் ஓட்டையாகவில்லை, ஆனாலும் ஆவிக்கு வழியில்லை. உள்ளே நனைந்தவர் கோட்டு ஒழுகுகிறது என்று நினைக்கிறார். பெரும்பாலும் அது அவருடைய சொந்த நீர். அட்டையில் போட்டிருக்கும் எண்ணை வைத்து இரண்டு கோட்டுகளை ஒப்பிடுவதிலும் பயன் குறைவு, ஏனெனில் ஆவி கடக்கும் வேகத்தை அளக்கப் பல முறைகள் உள்ளன, ஒரு முறையின் எண்ணை இன்னொன்றோடு பொருத்த முடியாது. கழுத்து ஜிப்பையும் அக்குள் ஜிப்பையும் திறந்துவிடுவது விலையுயர்ந்த படலத்தைவிடக் கூடுதலாக ஆவியை வெளியேற்றும். அதைவிடவும் எளிய வழி, மேடு தொடங்குமுன் உள்ளே போட்டிருக்கும் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் பையில் வைப்பது. கொஞ்சம் குளிரத்தான் குளிரும். அந்தக் குளிர்தான் வியர்வையைத் தடுக்கிறது.

எப்படியும் நனையத்தான் போகிறோம் என்றால் கோட்டே எதற்கு? முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று பழமொழியே கேட்கிறதே. குளிர்நாட்டு மழையில் இந்தப் பழமொழியை நம்பினால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் அங்கே முழுக்க நனைந்த பிறகுதான் முக்காடு மிக அவசியமாகிறது. உலர்ந்த துணி நம்மைக் காப்பது அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றினால். நீர் அந்தக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், காற்றைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதன்மேல் எதிர்க்காற்றும் வீசினால் வெப்பம் கடத்தலால் போவது போதாதென்று ஆவியாதலாலும் பறிபோகிறது. காற்றைத் தடுக்கும் ஒரு மேலுறை, தான் எவ்வளவு நனைந்திருந்தாலும், இந்த இரண்டாவது இழப்பைப் பெரிதும் அடைத்துவிடும். இதைத் தெளிவாக உணர்த்தியவர் பிரிட்டிஷ் உடலியலாளர் கிரிஃபித் பியூ. 1953-ல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடு போனவர். 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷர் மலைப்பகுதியில் நடந்த ஃபோர் இன்ஸ் நடைப்போட்டியில் மூன்று இளைஞர்கள் குளிரில் இறந்தார்கள். இமயத்தின் உறைபனி அல்ல அவர்களைக் கொன்றது. குளிர்ந்த மழையும் பலத்த காற்றும். பியூ அந்த மரணங்களை ஆராய்ந்தார், பிறகு ஆய்வுக்கூடத்திலும் சோதித்தார். நனைந்த உடை காற்றில் தன் காப்பின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பது ஒரு முடிவு. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று: அதே ஈர உடையில் கடுமையாக உழைக்கிறவரின் உடல் வெப்பம் தாக்குப்பிடித்தது, உழைப்பைக் குறைத்தவரின் வெப்பம் சரிந்தது. ஈரம் ஆளைச் சாய்ப்பது அவர் களைத்து வேகம் குறையும் கட்டத்தில்தான்.

நம் பருவமழையில் சைக்கிள் ஓட்டியவர்கள் இதையெல்லாம் மிகை என்று எண்ணக்கூடும். கன்னியாகுமரியிலோ கேரளக் கரையிலோ ஜூன் மழை 25 டிகிரியில் பெய்கிறது. அங்கே சட்டையோடு நனைந்து மிதிப்பது சுகமானதும் சரியானதும் ஆகும்; கோட்டு போட்டால் வேர்த்து நனைவது உறுதி. ஆனால் வால்பாறையிலிருந்தோ உதகையிலிருந்தோ மழையில் மலையிறங்கும்போது நிலைமை மாறுகிறது. ஏறும்போது 500 வாட் வெப்பம் தந்த உடல், இறங்கும்போது மிதிக்க வேலையின்றி 100 வாட்டுக்குச் சுருங்குகிறது. அதே நேரத்தில் காற்றின் வேகமோ மூன்று நான்கு மடங்காகிறது. விரல்கள் விறைத்துப் போவது இந்தக் கணக்கினால்தான். அட்சரேகை எதுவானாலும் இயற்பியல் ஒன்றுதான், வரவும் செலவும் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

ஹெப்ரிடீஸில் இந்தக் கணக்கு வேறொரு விதமாக ஏமாற்றும். அங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசுவதால், பயணிகள் தெற்கிலிருந்து வடக்காகப் போகிறார்கள்; முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று தள்ளிவிடும். 20 கிலோமீட்டர் வேகக் காற்றோடு 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு அவரைச் சுற்றிய காற்று ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. இதமாக இருக்கும், ஆனால் கோட்டுக்குள் காற்றோட்டம் இல்லை, வியர்வை சேர்ந்துகொண்டே போகும். படம் எடுக்க நிறுத்தியதும் அந்த 20 கிலோமீட்டர் காற்று முழுதாக மேலே மோதுகிறது. உடலின் வெப்ப உற்பத்தி மூன்றில் ஒரு பங்காகக் குறைவதும் அதே நொடியில்தான். வரவு சரியும் நேரத்தில் செலவு ஏறுகிறது. எதிர்க்காற்றில் போகிறவருக்கு நிறுத்தம் ஆறுதல். பின்காற்றில் போகிறவருக்கு நிறுத்தமே சோதனை. பாரா தீவிலிருந்து எரிஸ்கேக்குப் படகில் போக நாற்பது நிமிடம், பெர்னரேயிலிருந்து ஹாரிஸ் தீவின் லெவர்பரோவுக்கு ஒரு மணி நேரம். துறைக்கு வேர்த்து விறுவிறுக்க மிதித்து வந்து, ஈர உடையோடு அப்படியே படகில் உட்காருகிறவர்கள் அந்த நேரத்தில் உடலின் கையிருப்பைக் கரைத்துவிட்டு அடுத்த தீவில் இறங்குகிறார்கள். துறைக்குப் பத்து நிமிடம் முன்பே வேகத்தைக் குறைத்து வியர்வையை அடக்குவதும், நின்றவுடனே, குளிரும் முன்பே, உலர்ந்த மேலாடை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஏதாவது தின்பதும் சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் மழைப்பயணத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்தப் பத்து நிமிடங்களில்தான் முடிவாகிறது.

பயணம் இருவருடையது என்பதால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. பெரிய உடல் சிறிய உடலைவிட மெதுவாகக் குளிரும், ஏனெனில் எடையோடு ஒப்பிட அதன் தோல்பரப்பு குறைவு. ஒரே வேகத்தில், ஒரே மேட்டில், சமமான சுமையோடு போகும்போது இருவரில் வலு குறைந்தவர் தன் திறனில் பெரும்பங்கைச் செலவிட்டு வேர்த்துப் போகிறார். உச்சியில் காத்திருக்கும் மற்றவரோ அதற்குள் உலர்ந்து நிதானமாகிவிடுகிறார். பின்னால் வந்தவர் சேர்ந்ததும் ‘வா, போகலாம்’ என்று கிளம்பினால் ஒருவருக்கு ஓய்வில்லை. அவருக்காக நின்றால் இன்னொருவர் விறைக்கிறார். பல தம்பதிகளின் மனக்கசப்பு இங்கேதான் தொடங்குகிறது. அதைக் குணத்தின் குறையாக எண்ண வேண்டியதில்லை, இரண்டு உடல்களின் வெப்பக் கணக்கு ஒத்துப்போகாததே காரணம். திருத்த வழியும் உண்டு. கூடாரம், அடுப்பு, சாப்பாடு ஆகிய கனமான சாமான்களை வலுவானவர் பக்கம் மாற்றி, இருவரும் ஒரே அளவு மூச்சு வாங்கும்படி சுமையைப் பங்கிட வேண்டும். மிதிக்கும் வேகத்தை எளிதில் வேர்ப்பவரை வைத்தும், நிற்கும் நேரத்தை எளிதில் குளிர்பவரை வைத்தும் முடிவு செய்ய வேண்டும். அந்த இருவரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

இருவராகப் போவதில் ஈடு இணையில்லாத ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும் நிலையை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். அதை நெருங்கும்போதே முதலில் மங்குவது யோசிக்கும் திறன், அதனால் பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை தெரிவதில்லை. பேச்சு குழறும், எரிச்சல் வரும், ஜிப்பைப் போடத் தடுமாறுவார், கேட்டால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பார். இவரைத் தினமும் பார்த்துப் பழகிய ஒருவருக்குத்தான் அந்த மாற்றம் கண்ணில் படும். நடுக்கம் நல்ல அறிகுறி. உடல் ஓய்வுநிலையைப் போல நாலைந்து மடங்கு வெப்பத்தை நடுங்கியே உண்டாக்கிக்கொள்கிறது. நனைந்து குளிர்ந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் உடனே கவலைப்பட வேண்டும். கைகளும் எச்சரிக்கும். விரல்தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகும்போது நுணுக்கமான வேலைகள் வராமல் போகின்றன, பிரேக்கை இறுக்கிப் பிடிப்பதும் சிரமமாகிறது. ரிம்மைக் கட்டை பிடிக்கும் வகைப் பிரேக்குகள் மழையில் முதல் சில சுற்றுகளை நீரைத் துடைப்பதிலேயே கழித்துவிடும். குரோம் பூசிய இரும்பு ரிம்மாக இருந்தால் நிலைமை மோசம் என்பது நம் ஊரின் பழைய சைக்கிள்களை மழையில் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். டயர் நீரில் மிதந்து வழுக்கும் என்ற பயம் மட்டும் தேவையற்றது. சைக்கிள் டயரின் அழுத்தத்துக்கு அப்படி நேர மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வேகம் வேண்டும். வழுக்குவது மாடுகள் தாண்டாதபடி சாலைக்குக் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகளிலும், சாயம் பூசிய கோடுகளிலும்தான்.

மாலையில் கூடாரம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் சிறு குழுக்கள் வேலியடைக்காத திறந்த நிலத்தில் பெரும்பாலும் தடையின்றித் தங்க உரிமை தருகிறது. இடம் கிடைப்பது எளிது; ஆனால் உலர்ந்த இரவு கிடைப்பது இடத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்தது. தூங்கும் ஒருவர் மூச்சில் மணிக்குச் சுமார் 10 கிராம் நீரையும், வேர்க்காமலே தோல்வழியாக இன்னும் 15 கிராமையும் வெளியிடுகிறார். இருவருக்கும் சேர்த்து மணிக்கு 50 கிராம், எட்டு மணி நேரத்தில் 400 கிராம்: இரண்டு டம்ளர் தண்ணீர். இருவர் கூடாரத்தின் உள்ளே இருக்கும் காற்று இரண்டு கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12 டிகிரியில் அது தாங்கக்கூடிய நீராவி 21 கிராம்தான். எலும்பாகக் காய்ந்த காற்றோடு தொடங்கினால்கூட அரை மணிக்குள் நிறைந்துவிடும். மழை உள்ளே வந்துவிடுமோ என்று எல்லா வழிகளையும் அடைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் விடியும்போது கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துத் துணியைக் குறை சொல்கிறார்கள். அந்த இரண்டு டம்ளரும் அவர்கள் மூச்சு. நல்ல கூடாரங்களை இரட்டைச் சுவராக அமைப்பது இதற்காகவே: வலைபோன்ற உள்கூடாரத்தைத் தாண்டி ஆவி வெளியே போகும், வெளித்துணியின் உட்புறத்தில் நீராகி, அங்கிருந்தபடியே கீழே வழியும். வெளித்துணிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியும் மேலே திறந்த காற்றுத்துளையும் இருந்தால் பெரும்பகுதி ஆவியாகவே பறந்துவிடும்.

வெளியே காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது திறந்துவைத்து என்ன பயன் என்று ஒரு கேள்வி எழும். பதில் வெப்பநிலையில் இருக்கிறது. வெளியே 11 டிகிரியில் நிறைவாக ஈரமேறிய காற்று, கூடாரத்துக்குள் வந்து இரண்டு உடல்களின் சூட்டில் 15 டிகிரிக்கு ஏறினால், கன மீட்டருக்கு இன்னும் இரண்டு மூன்று கிராம் ஏற்க இடமிருக்கும். அந்த இரண்டு மூன்று கிராமை ஏந்திக்கொண்டு காற்று ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருந்தால் போதும். ஆனால் காற்றோட்டம் நின்றால் எதுவும் உதவாது. மறைவான பள்ளம் இதமாகத் தோன்றும். குளிர்ந்த காற்று தேங்குவதும், ஸ்காட்லாந்தின் பேர்போன மிட்ஜ் பூச்சிகள் மொய்ப்பதும் அங்கேதான். காற்று மெல்ல வீசினாலே பறக்கத் திணறும் அந்தச் சின்னக் கடிப்பூச்சிகளை விரட்டும் அதே காற்றுதான் கூடாரத்தையும் உலர்த்துகிறது. இன்னொரு விந்தை, கூடாரத்தின் உட்புறம் மிக அதிகமாக நனைவது கொட்டும் மழை இரவிலல்ல, மழை விட்டு வானம் தெளிந்த இரவில். மேகம் இல்லாதபோது வெளித்துணி தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. அதன் இரண்டு பக்கமும் பனி கோக்கிறது. அடுப்பைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மழைக்குப் பயந்து கூடாரத்துக்குள் சமைப்பவர்கள் உண்டு. 100 கிராம் பியூட்டேன் எரிந்தால் 155 கிராம் நீர் உண்டாகிறது. கொதிக்கும் பாத்திரத்தின் ஆவி தனி. ஈரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காற்று போதாமல் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டவே வேண்டாம்.

உடையில் வந்து கணக்கு முடிகிறது. அனுபவமுள்ள பயணிகள் இரவுக்கென்று ஒரு உலர்ந்த உடையை வைத்திருக்கிறார்கள், எந்த நிலையிலும் அதைப் போட்டுக்கொண்டு மிதிப்பதில்லை. காலையில் நேற்றைய ஈர உடையையே மறுபடி போட்டுக்கொள்வார்கள். கேட்டாலே உடல் சிலிர்க்கும் வழக்கம். தன்னைத்தானே வதைத்துக்கொள்வதாகவும் தோன்றும். ஆனால் 350 வாட்டோடு கிளம்பப் போகிறவருக்கு அந்த ஈரம் பத்து நிமிடத் துன்பம், 80 வாட்டோடு படுக்கப் போகிறவருக்கு அது இரவு முழுவதற்குமான இழப்பு. ஈரம் அதேதான், தாங்கும் நேரம் வேறு. அதேபோல ஈரச் சட்டையை உறக்கப் பைக்குள் போட்டு உலர்த்தும் பழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டையில் 200 கிராம் நீர் இருந்தால், உறங்குபவரின் ஒன்றரை மணி நேர வெப்பத்துக்கும் மேல் அதற்கே போகும். கிளம்பும் ஆவி பையின் இறகுகளில் தங்கும். நனைந்த இறகு ஒட்டிக்கொண்டு உப்பலை இழந்துவிடுவதால், ஒரு வாரத்தில் பை காப்பதை நிறுத்திவிடுகிறது. மாறாக, இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சட்டையை முறுக்கிப் பிழிந்தால் அதில் பெரும்பங்கு நீர் ஆவியாகாமலே வடிந்துவிடும். பிழிவதற்கு ஆகும் ஆற்றல் ஆவியாக்குவதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. உலர்ந்த துவாலையில் சுருட்டி மறுபடியும் ஒரு தடவை முறுக்கினால் இன்னும் நல்லது. எல்லாத் தம்பதிகளுக்கும் துணி பிழியத் தெரியும். வெப்பக் கணக்கில் இதைவிடப் பெரிய சேமிப்பு கிடையாது.

கம்பளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தடம் கடந்து செல்லும் ஹாரிஸ், லூயிஸ் தீவுகளில்தான் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி பெரும்பாலும் நெய்யப்படுகிறது. தீவுவாசிகள் தங்கள் வீட்டுத் தறியில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயருக்கு உரிமை என்று 1993-ல் சட்டமே வந்தது. கம்பளி இழை தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீராவியை உள்ளே ஏற்றுக்கொண்டும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. ஏற்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியிடுகிறது. நூற்றாண்டுகளாக மீனவர்களும் மேய்ப்பர்களும் அதையே நம்பியிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த கம்பளி கனத்துப்போகும், காய நேரமாகும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே சீக்கிரம் காயும் செயற்கை இழை என்பது இந்தத் தடத்துக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

காலையில் மடிக்க வேண்டிய கூடாரத்தின் வெளித்துணியில் அரைக் கிலோ நீராவது ஒட்டியிருக்கும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து நாலைந்து முறை உதறினால் பாதி போய்விடும். மீதியை உள்கூடாரத்தோடு சேர்த்துச் சுருட்டினால் அன்றிரவு படுக்கையும் ஈரமாகும். அதனால் வெளித்துணி மட்டும் தனிப் பையில், எல்லாவற்றுக்கும் மேலே, கைக்கு எட்டும் இடத்தில் போகிறது. மழைத்தொகுதி கடந்து போனபின் தென்மேற்குக் காற்று திசைமாறி வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கும். அது கொண்டுவரும் காற்று கொஞ்சம் உலர்ந்தது. நடுப்பகலில் அப்படியொரு வெளிச்சம் விழும்போது சாலையோரச் சுவரில் அந்தத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு இருவரும் ரொட்டி தின்னலாம். மிச்சமிருக்கும் கால் கிலோ நீரை ஆவியாக்க 600 கிலோஜூல் வேண்டும். அரைமணி நேரத்தில் அதைக் காற்றும் வெயிலும் தருகின்றன, இருவர் உடலிலிருந்தும் ஒரு கலோரிகூட எடுக்காமல்.